கம்பியில்லாமல் 270 கிலோவாட்: இடைவெளியை விடத் தட்டின் அளவே பெரிய சிக்கல்

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், 2024-ஆம் ஆண்டில் ஒரு போர்ஷே டைகான் காருக்குக் கம்பித் தொடர்பே இல்லாமல் 270 கிலோவாட் அளவில் சார்ஜ் ஏற்றியது, செயல்திறன் 95 சதவீதம் இருந்தது என்ற செய்தியைப் படித்திருக்கிறீர்கள். "காற்றில் அனுப்பினால் பாதியாவது வீணாகாதா? இந்த எண்ணை நம்பலாமா? இரண்டு மூன்று ஆண்டுகளில் கார் வாங்க நினைக்கும் நான் இதற்காகக் காத்திருக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். முதல் இரண்டும் இயற்பியல் கேள்விகள். அவற்றுக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவது பணமும் தரநிலைகளும் வணிக நிறுவனங்களின் விருப்பு வெறுப்புகளும் கலந்தது. அங்கே நான் சொல்வது என் கணிப்புதான். நான் மின்திறன் மின்னணுவியலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்ப்பவன். முதல் பாதி இரும்பு உருக்கும் தூண்டல் உலைகளுக்கான இன்வெர்ட்டர்களோடு (நேர்மின்னை, அதாவது டிசியை, ஏசியாக மாற்றும் கருவிகள்) கழிந்தது, பிற்பாதி வண்டிகளுக்கான சார்ஜர்களோடு கழிகிறது. கம்பியில்லா சார்ஜ் என்பது இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளை என்பதால், இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எண்ணை நம்பலாமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பத்து நிமிடத்தில் பேட்டரியின் இருப்பு ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்தது என்று ஆய்வகம் சொன்னது. 270 கிலோவாட்டைப் பத்து நிமிடம் கொடுத்தால் 45 யூனிட். டைகானின் பெரிய பேட்டரி 93.4 யூனிட் கொள்ளளவு உடையது. 45 என்பது அதில் கிட்டத்தட்டப் பாதி. கணக்கு ஒத்துப்போகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் தலைமுறை டைகான், கம்பி வழியாக அதிவேக சார்ஜரில் வாங்கிக்கொள்ளும் உச்ச அளவும் இதே 270 கிலோவாட்தான். எனவே கம்பியை எடுத்துவிட்டதால் கார் வேகமாகச் சார்ஜ் ஆகவில்லை. கம்பியில் எவ்வளவு வேகமோ அதே வேகம் கம்பியில்லாமலும் கிடைத்தது. வேகத்தைத் தீர்மானிப்பது பேட்டரி. செய்திகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தொலைந்துவிடுகிறது.

இனி "காற்றில் போனால் வீணாகாதா" என்ற ஐயத்துக்கு வருவோம். இந்த ஐயம் வானொலியை மனத்தில் வைத்து எழுவது. வானொலி நிலையம் அலையை நாலாபக்கமும் வீசுகிறது. உங்கள் பெட்டி அதில் ஒரு துளியைப் பிடிக்கிறது. மீதியெல்லாம் திரும்பி வராது. இங்கே நடப்பது அது அன்று. தெருமுனையில் கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மின்தொடர்பு கிடையாது. ஆனாலும் ஊருக்கான மின்சாரம் முழுவதும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காந்தப்புலத்தின் வழியாகவே போகிறது. அதை யாரும் கம்பியில்லா மின்சாரம் என்று வியப்பதில்லை. அந்த டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் அறுத்து, ஒரு பாதியைத் தரையில் புதைத்து, மறுபாதியை வண்டியின் அடிவயிற்றில் கட்டினால் கிடைப்பதுதான் கம்பியில்லா சார்ஜர். சுருளை அடக்கிய இந்தத் தட்டையான பாதிகளைத்தான் தட்டு என்கிறோம். இத்தகைய சார்ஜர்கள் வழக்கமாக ஓடும் அதிர்வெண் 85 கிலோஹெர்ட்ஸ், அதாவது புலம் நொடிக்கு 85,000 முறை சுழல்கிறது; அந்த அதிர்வெண்ணில் மின்காந்த அலையின் நீளம் மூன்றரைக் கிலோமீட்டர். அதோடு ஒப்பிட்டால் அரை மீட்டர் அகலச் சுருள் ஒன்றுமே இல்லை, ஆகவே அது அலையாக வெளியே வீசும் ஆற்றல் மிகச் சொற்பம். சுருளைச் சுற்றியுள்ள புலத்தில் ஆற்றல் போய்த் தங்குகிறது, எதிர்ச்சுருள் எடுத்துக்கொள்ளாத பங்கு மூலச்சுருளுக்கே திரும்புகிறது. கடைக்காரரிடம் பணத்தை நீட்டுகிறோம், அவர் வாங்கிக்கொண்டது போக மீதி நம் கையிலேயே இருக்கிறது என்பது போல.

ஆனால் அப்படி நீட்டுவதற்கும் மடக்குவதற்கும் ஒரு கூலி உண்டு. ஒவ்வொரு சுழற்சியிலும் சுருளின் செம்பில் கொஞ்சம் சூடாகிறது. எனவே செயல்திறனைத் தீர்மானிப்பவை இரண்டே எண்கள். ஒன்று, ஒரு சுருளின் புலத்தில் எத்தனை பங்கு மற்றதைத் தொடுகிறது என்பது. இதைப் பிணைப்பெண் என்போம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இது கிட்டத்தட்ட ஒன்று. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் இது 0.2 அளவுக்கு இறங்கிவிடும். மற்றது சுருளின் தரவெண்: அது தேக்கும் ஆற்றலுக்கும் ஒரு சுழற்சியில் இழக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தின் 2π மடங்கு. நன்றாகச் செய்த சுருளுக்கு இது 300 இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 60 வருகிறது. அந்த 60-ஐச் சூத்திரத்தில் இட்டால், இரு சுருள்களுக்கு இடையிலான உச்சச் செயல்திறன் 96.7 சதவீதம். பிணைப்பு ஐந்தில் ஒரு பங்குதான், ஆனாலும் இழப்பு மூன்றேகால் சதவீதம்தான். முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது நானும் எங்கோ தவறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இதில் ஒத்ததிர்வின் பங்கு என்ன என்பதைப் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். ஒத்ததிர்வு ஆற்றலைத் தூரத்துக்கு எறிவதில்லை. ஊஞ்சலை அதன் தாளத்தோடு தள்ளினால் சிறு விசையே போதுமல்லவா, அதுபோலச் சுருளோடு ஒரு கெபாசிட்டரை இணைத்து ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், போய்த் திரும்பும் அந்தப் பெரும் ஆற்றலை இன்வெர்ட்டர் ஒவ்வொரு முறையும் சுமக்க வேண்டியதில்லை. கெபாசிட்டரும் சுருளும் தமக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் செய்துகொள்கின்றன. இன்வெர்ட்டர், உண்மையில் வண்டிக்குப் போய்ச் சேரும் ஆற்றலை மட்டும் கொடுத்தால் போதும். இதற்கும் விலை உண்டு. 100 மைக்ரோ ஹென்றி தூண்டல் (காந்தப்புலத்தில் ஆற்றலைத் தேக்கும் தன்மை) உடைய சுருளில் 85 கிலோஹெர்ட்ஸில் 100 ஆம்பியர் ஓடினால், சுருளின் இரு முனைகளுக்கிடையே 5,300 வோல்ட் நிற்கும். இன்வெர்ட்டருக்குள் 800 வோல்ட்தான் இருக்கும், தட்டுக்குள் ஆயிரக்கணக்கில் வோல்ட் இருக்கும். மழைநீர் தேங்கும், லாரி ஏறும் தரைக்குள் இதைப் புதைத்து வைக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆக, செயல்திறன் வியப்பில்லை. ஓக் ரிட்ஜின் சொந்த வரலாறே இதைக் காட்டுகிறது. 2016-இல் அவர்கள் 20 கிலோவாட் காட்டினார்கள். 2018-இல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 120 கிலோவாட், 97 சதவீதச் செயல்திறன். 2024-இன் தொடக்கத்தில் ஒரு ஹூண்டாய் கோனா காருக்கு 100 கிலோவாட், 96 சதவீதம். பிறகுதான் டைகானுக்கு 270 கிலோவாட், 95 சதவீதம். அதாவது 2018-க்குப் பிறகு செயல்திறன் கூடவில்லை, சற்றுக் குறைந்திருக்கிறது. குறைந்தாலும் பரவாயில்லை என்று அவர்கள் எதை வாங்கினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அவர்கள் வாங்கியது இடம். டைகானில் பொருத்திய தட்டின் விட்டம் 19 அங்குலம், அதாவது 48 சென்டிமீட்டர். ஒரு பெரிய சாப்பாட்டுத் தாம்பாளம் அளவு. அந்தத் தாம்பாளத்தின் வழியாக 270 கிலோவாட் போகிறது என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மெகாவாட். ஒப்பீட்டுக்கு வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 20 சென்டிமீட்டர் சுருளில் 2 கிலோவாட், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 64 கிலோவாட். அதைவிட இது இருபது மடங்குக்கு மேல். அடுப்பில் பாத்திரம் சுருளுக்கு மேல் சில மில்லிமீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே நடுவில் 12 சென்டிமீட்டர் காற்றிடைவெளி.

இந்த அடர்த்தி ஏன் கடினம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இரு சுருள்களுக்கிடையே போகும் திறன், நான்கு அளவுகளின் பெருக்கல்: கோண அதிர்வெண் (அதிர்வெண்ணின் 2π மடங்கு), இரண்டுக்கும் பொதுவான தூண்டல், இரு சுருள்களின் மின்னோட்டங்கள். மேலே சொன்ன சுருளையே எடுத்துக்கொண்டால், பிணைப்பெண் 0.2, பொதுத் தூண்டல் 20 மைக்ரோ ஹென்றி, இரு பக்கமும் 100 ஆம்பியர் என்றால் 107 கிலோவாட் கிடைக்கும். இதை 270 ஆக்க என்ன வழி? அதிர்வெண்ணைக் கூட்டலாம் என்றால் தரநிலை 79 முதல் 90 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைத்தான் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் வானொலிச் சேவைகளோடு மோத நேரும், இன்வெர்ட்டரில் சுவிட்ச் இழப்பும் ஏறும். பொதுத் தூண்டலைக் கூட்டலாம் என்றால் சுருள் பெரிதாகும். காரின் அடியில் இடம் இல்லை. மின்னோட்டத்தைக் கூட்டினால் செம்பின் சூடு அதன் வர்க்கமாக ஏறும்: மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு. செம்பை வெறுமனே தடிப்பாக்கியும் பயனில்லை: 85 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில்தான் ஓடும். அதனால்தான் தலைமுடி போன்ற இழைகளைத் தனித்தனியே எனாமல் பூசி, நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ முறுக்கிச் செய்த லிட்ஸ் கம்பியைப் பயன்படுத்துகிறோம். அதன் முனைகளைச் சரியாகப் பற்றவைப்பது ஒரு தனிக் கலை. நான்கில் ஒரு பங்கு இழைகள் ஒட்டாமல் விட்டாலும் மீட்டரில் பெரிதாகத் தெரியாது, ஓடத் தொடங்கிய பிறகு அந்த மூட்டு மட்டும் கறுக்கும்.

ஓக் ரிட்ஜ் கண்ட வழி, நம் ஊர்ப் பம்புசெட் மோட்டாரில் உள்ள பழைய வழிதான். ஒரே சுருளுக்குப் பதில் மூன்று பேஸ் சுற்றுகளைத் தட்டில் பின்னி, புலத்தைச் சுழல விட்டார்கள். ஒரு சுருளில் திறன் ஒவ்வொரு சுழற்சியிலும் பொங்கி வடிகிறது. மூன்று சுற்றுகள் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி விட்டு ஓடும்போது, ஒன்று வடியும்போது மற்றொன்று பொங்கி, மொத்தத் திறன் சமமாக ஓடுகிறது. அதனால் வண்டிப் பக்கத்தில் பொங்கலைச் சமன்செய்யும் பெரிய கெபாசிட்டர் தேவையில்லை. இரண்டாவது நன்மை இன்னும் முக்கியம்: தட்டுக்கு வெளியே தூரத்தில் மூன்று சுற்றுகளின் புலங்களும் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. புலம் எங்கே வேண்டுமோ அங்கே வலுத்து, எங்கே வேண்டாமோ அங்கே தேய்கிறது. இதற்கு ஈடாக, மூன்று பேஸ்களும் ஒன்றுக்கொன்று பிணைந்து கிடப்பதால் ஒவ்வொன்றுக்கும் கெபாசிட்டரைச் சரியாக இசைப்பது பெரும்பாடு. ஓமர் ஓனார் முதலிய அங்குள்ள பொறியாளர்களின் சாதனை என்று நான் நினைப்பது அந்தச் சுற்றின் வடிவமைப்பையும் இசைப்பையும்தான். 95 என்ற எண்ணை அல்ல.

அந்த 95-இலும் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டிக்கு 270 போய்ச் சேர வேண்டுமானால் இந்தப் பக்கம் 284 கொடுக்க வேண்டும். நடுவில் 14 கிலோவாட் சூடாகிறது. ஏழு இண்டக்‌ஷன் அடுப்புகள். அதில் ஒன்றரை சதவீதம் மட்டும் வண்டித்தட்டுக்குள் விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும், காரின் அடியில் ஒரு தாம்பாளத்துக்குள் 4 கிலோவாட் அடுப்பு எரிகிறது. பத்து நிமிடம் தாங்கலாம். நாள் முழுதும் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்து நிற்கும் தரைத்தட்டுக்குத் திரவக் குளிர்ச்சி இல்லாமல் முடியாது. இன்னொரு பக்கம், கம்பி சார்ஜர் நூறு சதவீதம் என்று நினைத்து இதை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அதிவேகக் கம்பி சார்ஜருக்குள்ளும் மின்சாரம் நேர்மின்னாக மாறி, பாதுகாப்புக்காக ஓர் உயர் அதிர்வெண் டிரான்ஸ்ஃபார்மரைக் கடந்துதான் வருகிறது. அங்கும் ஐந்து சதவீதத்தை ஒட்டி இழப்பு உண்டு. கம்பியில்லா அமைப்பில் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் வேலையைக் காற்றிடைவெளியே செய்துவிடுகிறது. ஆகவே மின்கட்டணச் சீட்டில் தெரியக்கூடிய வேறுபாடு சில சதவீதப் புள்ளிகள்தான். எந்தச் செய்தியில் செயல்திறன் எண்ணைப் பார்த்தாலும் எங்கிருந்து எதுவரை அளந்தார்கள் என்று கேளுங்கள்: சுருளிலிருந்து சுருள் வரையா, நேர்மின்னிலிருந்து நேர்மின் வரையா, மின்வாரியக் கம்பியிலிருந்து பேட்டரி வரையா. ஒரே கருவிக்கு மூன்று எண்களும் நேர்மையாகவே வரும். விளம்பரத்தில் வருவது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் இரவில் தூக்கம் கெடுக்கும் விஷயம் இழப்பு அன்று, தட்டின் மேல் கிடக்கும் பொருள். மாறும் காந்தப்புலத்தில் எந்த உலோகத் துண்டு கிடந்தாலும் அது இண்டக்‌ஷன் அடுப்பின் பாத்திரம் ஆகிவிடும். புலம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சோதனைக் கூடத்தில், வெறும் 3 கிலோவாட் தட்டின் மேல் யாரோ ஒரு சிறு ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டார்கள். அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குச் செயல்திறன் ஒன்றரை சதவீதம் குறைந்திருப்பது தெரிந்தது. காரணம் தெரியாமல் கெபாசிட்டர்களைத் தேடிக்கொண்டிருந்தோம், மேல்மூடியின் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வரும்வரை. 3 கிலோவாட்டில் ஒன்றரை சதவீதம் என்றால் 45 வாட். கருவி அதைக் கவனித்துத் தானே நிற்க முடியும். 270 கிலோவாட்டில் அதே 45 வாட், மொத்தத்தில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. எந்த மீட்டரின் பிழையிலும் அது மறைந்துபோகும். எனவே பெருந்திறன் அமைப்புகளில், வரவு செலவைக் கணக்கிட்டு அந்நியப் பொருளைக் கண்டுபிடிக்கும் முறை வேலைக்கு ஆகாது. தட்டின் மேற்பரப்பில் தனியே சிறு உணர்சுருள்களைப் பரப்பி வைக்க வேண்டும். அவை பாக்குப் பொட்டலத்தின் வெள்ளித்தாளையும் பார்க்க வேண்டும், மழைத்துளியைக் கண்டு பயந்து நிற்கவும் கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்வது இன்றும் முழுமையாகக் கைவராத வேலை. பூனை புகுந்தால் கண்டுகொள்ள வேறு உணரி வேண்டும். சூடான இடத்தைத் தேடி வண்டிக்கடியில் படுப்பது பூனையின் பிறவிக்குணம்.

மனித உடலுக்குத் தீங்கா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நான் மருத்துவன் அல்லன், எனவே பொறியாளர்கள் எந்த எல்லைக்குக் கட்டுப்படுகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன். அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு 2010-இல் வகுத்த வழிகாட்டியின்படி, இந்த அதிர்வெண்களில் பொதுமக்கள் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் 27 மைக்ரோ டெஸ்லாவைத் தாண்டக் கூடாது. தட்டுகளுக்கு நடுவில் இருப்பதோ மில்லி டெஸ்லா கணக்கில். ஆகவே காரின் ஓரத்தை எட்டுவதற்குள் புலம் பல நூறு மடங்கு தணிய வேண்டும். சுருள்களின் முதுகில், காந்தப்புலத்தை வழிநடத்தும் ஃபெரைட் கற்களும் அதன்மேல் அலுமினியத் தகடும் வைப்பது அதற்காகத்தான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு எல்லை இன்னும் கடுமையானது. சார்ஜ் ஓடும்போது வண்டிக்குள் அமர்ந்திருப்பவருக்கு எஃகுத் தளமே ஒரு திரை. வண்டியின் பக்கவாட்டில், தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உயரத்தில் அளப்பதுதான் கடினமான சோதனை. 11 கிலோவாட்டில் இதில் தேறுவது எளிது. 270 கிலோவாட்டில், தட்டு நடுவிலிருந்து விலகி நிற்கும் நிலையிலும் தேற வேண்டும் என்பதுதான் சவால். மூன்று பேஸ் வடிவமைப்பின் மதிப்பு மறுபடியும் இங்கே தெரியும்.

இதே விலகல் பிரச்சினைதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கு வழிகாட்டுகிறது. கார்களின் கம்பியில்லா சார்ஜுக்காக எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த ஜே-2954 என்ற தரநிலை 2020 அக்டோபரில் வெளியானது. வண்டி முன்பின்னாக 7.5 சென்டிமீட்டரும் பக்கவாட்டில் 10 சென்டிமீட்டரும் தவறி நின்றாலும் வேலை செய்ய வேண்டும் என்கிறது அது. திறன் வகுப்புகளோ 11 கிலோவாட்டுக்குச் சற்று மேல் நின்றுவிடுகின்றன. லாரி, பேருந்து போன்ற கனரக வண்டிகளுக்கு 500 கிலோவாட் வரையிலான துணை ஆவணம் 2022 டிசம்பரில் வந்தது. 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் போர்ஷே தன் மின்சாரக் கயென் காருக்கு அறிவித்த கம்பியில்லா சார்ஜரைப் பாருங்கள்: 11 கிலோவாட், 90 சதவீதம் வரை செயல்திறன். அதன் தரைத்தட்டு 117 சென்டிமீட்டர் நீளம், 78 சென்டிமீட்டர் அகலம், ஏறத்தாழ 50 கிலோ எடை. ஓக் ரிட்ஜின் 270 கிலோவாட் தாம்பாளத்தை விட நான்கு மடங்குக்கு மேல் பரப்பளவு, திறனோ இருபத்தைந்தில் ஒரு பங்கு. எடுத்தவுடன் இது கேலிக்கூத்தாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே மின்னணுவும் அடங்கியிருக்கிறது, ஓட்டுநர் அலட்சியமாக நிறுத்தினாலும் வேலை செய்கிறது, புலம் மெலிதாக இருப்பதால் வெள்ளித்தாள் தீப்பற்றும் அபாயமும் குறைவு. ஆய்வகத்தில் ஓட வைப்பதற்கும் யார் வீட்டிலோ பத்து ஆண்டு கிடக்க விடுவதற்கும் உள்ள தூரம் இந்த இரண்டு தட்டுகளுக்கும் உள்ள தூரம்.

பழைய அனுபவம் ஒன்றும் உண்டு. 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸின் இ.வி.1 கார், மட்டை போன்ற ஒரு பிளாஸ்டிக் துடுப்பைச் செருகித் தூண்டல் முறையில் 6.6 கிலோவாட் ஏற்றிக்கொண்டது. தொழில்நுட்பம் நன்றாகத்தான் ஓடியது. 2001-இல் கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் நேரடித் தொடர்பு முறையைத் தேர்ந்தெடுத்ததும், நிறுவிய சார்ஜர்கள் எல்லாம் வாரிசற்றுப் போயின. தட்டு விஷயத்திலும் ஒரு நிறுவனத்தின் தரைத்தட்டில் இன்னொரு நிறுவனத்தின் கார் பெருந்திறனில் சார்ஜ் ஆகும் நிலை வராதவரை, அதே விதி மறுபடியும் நேரலாம் என்பது என் அச்சம்.

பேருந்துகளின் கதை வேறு, அங்கே எனக்கு ஐயம் குறைவு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வெனாச்சி என்ற சிறு நகரில் 2018 முதல் நகரப் பேருந்துகள் 200 கிலோவாட் தட்டின் மேல் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன. கணக்கு எளிது: ஐந்து நிமிடம் நின்றால் ஏறத்தாழ 17 யூனிட், நகரப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் யூனிட் என்று வைத்தால் 13 கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஓட்டுநர் தேநீர் குடிக்கும் நேரத்தில் அந்தச் சுற்றுக்கான மின்சாரம் வந்துவிடுகிறது. பேட்டரியைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம். வண்டி ஒன்றுதான், இடம் ஒன்றுதான், உரிமையாளர் ஒருவர்தான், ஓட்டுநர் தொழில்முறையாளர். மேலே சொன்ன ஒவ்வொரு தலைவலியும் இந்தச் சூழலில் பாதியாகக் குறைகிறது. கூரையிலிருந்து இறங்கும் கரம் மூலம் இதே வேலையை நேரடித் தொடர்பில் செய்யும் முறையும் உண்டு, அது மலிவானது. ஆனால் உயரக் கம்பம் நட இடமில்லாத பழைய நகர வீதிகளிலும், பனி உறையும் ஊர்களிலும் தட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

ஓடும் வண்டிக்குச் சாலையே சார்ஜ் கொடுப்பது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதுவும் கட்டுக்கதை அன்று. தென்கொரியாவின் குமி நகரில் 2013-இல் கைஸ்ட் என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பேருந்துகள் 24 கிலோமீட்டர் தடத்தில் ஓடின. சாலையில் சிறு பகுதியில் மட்டும் சுருள் புதைத்து, 17 சென்டிமீட்டர் இடைவெளியில் 100 கிலோவாட், 85 சதவீதம். சுவீடனின் காட்லாந்து தீவிலும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலும் சோதனைத் துண்டுகள் போடப்பட்டன. இயற்பியல் ஒன்றுதான், ஒவ்வொரு மீட்டருக்கும் செம்பு, ஃபெரைட், இன்வெர்ட்டர் என்று செலவு நீள்கிறது. சுவீடன் தன் முதல் நிரந்தர மின்சாலைக்கான ஒப்பந்தப்புள்ளியை 2023-இல் செலவைக் காரணம் காட்டி நிறுத்தியது. பேட்டரி விலை ஒவ்வோர் ஆண்டும் இறங்கும்போது சாலை விலை இறங்குவதில்லை என்பதால், எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. சக பொறியாளர்கள் பலர் இதில் என்னோடு உடன்பட மாட்டார்கள்.

இனி நேரடியாகச் சொல்கிறேன். 270 கிலோவாட் கம்பியில்லா சார்ஜுக்காகக் கார் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். 11 கிலோவாட் வகை விலையுயர்ந்த கார்களில் கூடுதல் வசதியாக வரத் தொடங்கும், இரவெல்லாம் நிற்கும் வண்டிக்கு அதுவே தாராளம். கனமான கம்பியைத் தூக்கிச் செருக முடியாத முதியவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அது பெரிய உதவி. பெருந்திறன் வகை முதலில் வரும் இடங்கள் பேருந்து முனையம், டாக்சி நிறுத்தம், துறைமுக முற்றம், ஓட்டுநரே இல்லாத வண்டிகள் என்பது என் கணிப்பு. கம்பியைச் செருக ஆள் இல்லாத இடத்தில்தான் கம்பியில்லாமைக்குப் பணம் கொடுப்பார்கள். இனி இது பற்றிச் செய்தி வந்தால் கிலோவாட்டையும் சதவீதத்தையும் விட்டுவிட்டு மூன்றைத் தேடுங்கள்: தட்டு நடுவிலிருந்து பத்து சென்டிமீட்டர் விலகியபோது என்ன கிடைத்தது, எத்தனை மணிநேரம் தொடர்ந்து ஓடியது, வேறு நிறுவனத்தின் தட்டோடு ஓடியதா. மூன்றுக்கும் பதில் இருக்கும் செய்தி வந்தால் இங்கேயே எழுதுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.